வினைமுதல் மறைந்த வாக்கியங்கள்

இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் வானொலிப் பெட்டியின் காதைத் திருகிவிடக்கூடும். எனினும் இன்றைய உரையை நன்னூலிலிருந்தே தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். அரசாங்க அறிக்கைகளிலும் செய்திகளிலும் நாம் நாள்தோறும் கேட்டுப் பழகிப்போன சில சொற்களைப் பற்றிப் பேசுவதே என் நோக்கம். அவற்றை அளந்து பார்க்க என் கையில் உள்ள பழைய கோல் அதுதான்.

தகுதி வழக்கை நன்னூலார் மூன்றாக வகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் தமக்குள்ளே பொன்னைப் பறி என்று சொல்லிக்கொள்வது குழூஉக்குறி. முதலாவது கேட்பவர் மனம் நோகாதிருக்கச் சொல்லப்படுவது. மற்றது, பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காதிருக்கச் சொல்லப்படுவது. இரண்டுக்கும் நோக்கம் நேர் எதிரானது.

எங்கள் ஊர்ப்பேச்சில் மங்கல வழக்குக்குப் பஞ்சமில்லை. ஒருவர் இறந்துவிட்டால் "மோசம் போயிட்டார்" என்போம். வீட்டில் அம்மை நோய் கண்டால் "அம்மாள் வந்திருக்கிறா" என்போம். ஆனால் அந்த வீட்டு வாசலிலே வேப்பிலை தொங்கும். வேப்பிலையைக் கண்டவர் உள்ளே கால் வைக்கமாட்டார். மங்கலச் சொல் அங்கே எதையும் மறைக்கவில்லை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், படலையைக் கடந்து போகிறவருக்கும் தெரியும். தெரிந்த துன்பத்தை மெல்லிய துணியால் போர்த்துகிறோம், அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு வகை வாக்கியத்தை நோக்குவோம்.

நான் தமிழாசிரியனாக இருந்தவன். இடையிலே சில ஆண்டுகள் கொழும்பிலே பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் மேசையிலும் இருந்தேன். அந்த மேசைக்கு வாரத்தில் பலமுறை வந்த வாக்கியம் இது: "இளைஞர் ஒருவர் சந்தேகத்தின் பேரில் விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டார்." ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும். ஊரின் பெயரும் வயதும் மாத்திரம் மாறும்.

இந்த வாக்கியத்தில் உள்ள சொற்களைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். அழைத்தல் என்பது எவ்வளவு இனிய சொல்! பெண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, அழைப்பிதழ் என்று அது கலியாண வீட்டோடு சேர்ந்த சொல். விசாரித்தலும் அப்படியே. கடிதத்தின் முடிவில் "எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று எழுதாத தலைமுறை எங்களில் இல்லை. துக்கவீட்டுக்குப் போவதையும் துக்கம் விசாரித்தல் என்றே சொல்கிறோம். ஆக, கலியாண வீட்டிலிருந்து ஒரு சொல்லையும் சுகம் கேட்கும் கடிதத்திலிருந்து ஒரு சொல்லையும் எடுத்து, அதிகாலை மூன்று மணிக்குக் கதவை உதைத்துத் திறந்து ஒருவனைச் சாரத்தோடு இழுத்துக்கொண்டு போனதற்கு வைத்திருக்கிறார்கள்.

அதைவிட நுட்பமான காரியம் ஒன்று வினைமுற்றிலே நடந்திருக்கிறது. தமிழ் வினைமுற்று தன் விகுதியிலேயே ஆளைக் காட்டும். வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று செய்தவனுடைய பாலும் எண்ணும் வினையின் வாலிலே ஒட்டியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "ஆமி பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்பாள். ஆமி என்ற சொல்லைப் பயத்தினால் விட்டுவிட்டு "பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றாலுங்கூட, அந்த "ஆங்கள்" என்ற வால் சில மனிதரைச் சுட்டிக்கொண்டே இருக்கும். பேச்சுத்தமிழிலே செய்தவனை முற்றாக மறைப்பது இலகுவான காரியமன்று.

அறிக்கைத் தமிழ் இதற்கு ஒரு வழி கண்டது. "செல்லப்பட்டார்" என்ற செயப்பாட்டு வினை வந்ததும் விகுதி இடம் மாறுகிறது. கொண்டுபோனவனைக் காட்டவேண்டிய வால், கொண்டுபோகப்பட்டவனைக் காட்டுகிறது. வினைமுதல் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறது. அதுமட்டுமா, வீட்டில் "டேய்" என்றும் "தம்பி" என்றும் அழைக்கப்பட்ட பதினெட்டு வயதுப் பையனுக்கு "ஆர்" என்ற மரியாதை விகுதியும் கிடைக்கிறது. அவனுக்குத் தன் வாழ்நாளில் அரசாங்கம் கொடுத்த முதல் மரியாதை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வினை உண்டே, தமிழ் அறிக்கையை மாத்திரம் குறை சொல்வானேன் என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். நோய் அங்கிருந்தே வந்தது. ஆனால் ஆங்கிலேயன் தன் அன்றாடப் பேச்சிலும் அந்த வாக்கிய அமைப்பைப் பயன்படுத்துகிறான். நாங்கள் அப்படியல்ல. "எனக்கு அம்மாவால் சோறு போடப்பட்டது" என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ஆகவே "படு" என்று முடியும் வாக்கியம் காதில் விழும்போதே, இது வீட்டு மொழியன்று, கந்தோர் மொழி என்பது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கேதான் அச்சம் பிறக்கிறது. நயமான சொற்களை அரசுகள் வழங்குவது மக்கள் கலவரப்படாமல் இருப்பதற்காக என்பது பொதுவான எண்ணம். எங்கள் அனுபவம் அதற்கு மாறானது. "சுட்டுக்கொன்றார்கள்" என்ற செய்தியைவிட "இனந்தெரியாத நபர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்" என்ற செய்தியே ஊரை அதிகம் நடுங்க வைத்தது. கொன்றவன் இன்னான் என்று தெரிந்தால் அவன் வரும் தெருவை விட்டு விலகி நடக்கலாம். இனந்தெரியாதவன் எந்தத் தெருவாலும் வருவான். பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருப்பான், பஸ்சில் அருகில் இருப்பவனாகவும் இருப்பான். வாக்கியத்தில் வெறுமையாக விடப்பட்ட இடத்தை ஒவ்வொருவரும் தத்தம் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள்.

மக்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. அறிக்கைச் சொல் ஒன்று வந்தால் அதற்கு எதிராகத் தாங்கள் ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள். சுற்றிவளைப்பின்போது ஊர்ச் சனத்தைப் பள்ளிக்கூட வளவிலோ கோயில் வீதியிலோ வரிசையில் விட்டு, முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கச் செய்வார்கள். அவன் தலையசைத்தால் அந்த ஆள் ட்ரக்கில் ஏறவேண்டியதுதான். அறிக்கைக்கு அது "அடையாளம் காணும் நடவடிக்கை". சனங்களுக்கு அவன் "தலையாட்டி". என்ன கூர்மையான சொல்! அந்த மனிதனின் முழுச் செயலும், அவன்மேல் உள்ள வெறுப்பும், அவனுக்கும் சொந்த வாய் இல்லையே என்ற இரக்கமுங்கூட அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன. ஆட்களைக் கடத்திய வாகனத்துக்கு அறிக்கையில் பெயரே இருக்கவில்லை. சனங்கள் "வெள்ளை வான்" என்றார்கள். பிற்காலத்தில் உண்மையான ரியூசன் வகுப்பு வான் ஒன்று வெள்ளை நிறத்தில் ஒழுங்கைக்குள் வந்தாலும் நாய்களுக்கு முன்னரே மனிதர்கள் உள்ளே ஓடினார்கள்.

சட்டத்தின் பெயரிலும் இந்த விளையாட்டு உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் முழுப்பெயரில் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொற்றொடர் அடைப்புக்குள் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த சட்டம் அது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பெயரைத் திருத்தவில்லை. அச்சட்டத்தின் கீழ் பிடிபட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தவர்கள் உண்டு. "தற்காலிகம்" என்பதை அகராதியில் எப்படி எழுதுவது என்று நான் சிலவேளை யோசிப்பதுண்டு.

பாதுகாப்பு வலயம் என்ற சொல்லுக்கு வருவோம். எங்கள் பிரதேசத்தில் இச்சொல்லுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொருள் இருந்தது. வலிகாமம் வடக்கு மக்களைக் கேட்டால், உயர் பாதுகாப்பு வலயம் என்பது 1990இல் தாங்கள் விட்டு ஓடிய வீடும் தோட்டமும் கிணறும் என்பார்கள். மக்கள் இருக்கக்கூடாத இடம் அது. வன்னி மக்களைக் கேட்டால், பாதுகாப்பு வலயம் என்பது 2009 ஜனவரியில் வானொலியிலும் துண்டுப்பிரசுரத்திலும் தங்களைப் போகச் சொன்ன இடம் என்பார்கள். பெப்ரவரியில் அதன் எல்லை மாறியது, மே மாதத்தில் மீண்டும் மாறியது. அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட மூன்று வலயங்களுக்குள்ளும் அரச படைகள் ஷெல் வீசியதாகவும், வெளியேற முயன்ற சனங்களை விடுதலைப் புலிகள் தடுத்துச் சுட்டதாகவும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தெரிவித்தது. அந்த யுத்தத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் "மனிதாபிமான நடவடிக்கை". 2006 ஜூலை முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அச்சொற்கள் உள்ளன.

யுத்தம் முடிந்தபின் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்களை முட்கம்பி வேலிக்குள் வைத்தார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமே அவற்றுள் மிகப் பெரியது. அது "நலன்புரிக் கிராமம்". வேலிக்கு இப்பால் உறவினர், அப்பால் உறவினர், நடுவில் நலன்புரி. அதன் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் சூட்டினார்கள். இலக்கிய நிகழ்ச்சி என்பதால் கடைசிப் பெயரில் சற்றே தரித்து நிற்கிறேன். நடராஜ வடிவத்தின் தத்துவத்தை மேலைநாட்டாருக்கு விளக்கிய கலைஞானி அவர். அவருடைய பெயரை, மழைக்கு வெள்ளம் நின்ற, மலசலகூடத்துக்கு வரிசையில் நின்ற ஒரு கூடார நகருக்கு வைக்க யாருக்கோ தோன்றியிருக்கிறது. கேலியாக அதைச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தமிழருக்கு மதிப்பளிப்பதாகவே எண்ணியிருப்பார்கள். எனக்கு அதுதான் அதிகம் கலக்கம் தருகிறது.

இந்த மொழி அரசாங்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். துவக்கு யார் கையில் இருந்ததோ அவர்கள் எல்லோரும் இதைப் பேசினார்கள். 1987இல் வந்த படையின் பெயர் அமைதி காக்கும் படை. அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் நடந்தது அமைதியன்று. விடுதலைப் புலிகளிடமும் ஒரு சொற்களஞ்சியம் இருந்தது. "விசாரணை" அவர்களுடைய சொல்லாகவும் இருந்தது. 1991இல் அவர்கள் பிடித்துச்சென்ற கவிஞர் செல்வி திரும்பி வரவேயில்லை. யாழ் பல்கலைக்கழக மாணவி, எங்கள் பெண் கவிகளில் குறிப்பிடத்தக்கவர். "துரோகி" என்ற சொல் ஒருவன் பெயருக்கு முன் வந்தால் அவன் இறந்ததைப் பற்றி அடுத்தவன் வாய்திறக்கத் தேவையில்லை என்றாயிற்று. கடைசிக் காலத்தில் பிள்ளைகளைப் பிடித்துப் போனதற்கு "இணைந்துகொண்டார்" என்பது சொல்.

1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்து புத்தளத்திலும் பிற இடங்களிலும் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். அந்த மக்கள் "வெளியேற்றம்" என்கிறார்கள், அரசாங்கப் பதிவேடு "இடம்பெயர்ந்தோர்" என்றது. இடம்பெயர்தல் பறவைக்கும் பொருந்தும். அது தானாகச் செய்யும் வினை. துரத்தியவனுக்கு அந்தச் சொல்லில் இடமேயில்லை. பிறகு, 2008க்குப் பின்னர் புதிதாக ஓடிவந்தவர்களிலிருந்து பிரித்துக்காட்டுவதற்காக, அவர்களைப் "பழைய இடம்பெயர்ந்தோர்" என்றார்கள். துன்பத்துக்கும் மூப்பு வந்துவிட்டது. தமிழ் எழுத்தாளர்களாகிய எங்களிற் பலர் இந்தச் சொல்லைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்கு அதன் நயம் வசதியாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

சொற்கள் இப்படிப் பழுதாகிவிட்டால் பிறகு நல்ல சொல்லும் வேலை செய்யாது. பதிவு என்பதைப்போல் உயிரற்ற, தீங்கற்ற சொல் வேறில்லை. பாடசாலையில் பதிவு, வாக்காளர் பதிவு, பிறப்புப் பதிவு. கொழும்பு லொட்ஜுகளில் தங்கிய தமிழருக்கோ "பதிவுக்கு வரச் சொல்கிறார்கள்" என்றால் வயிற்றில் புளி கரையும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் அதிகமானோரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். "சொந்த இடங்களுக்கு அனுப்பிவைத்தல்" என்பது அன்றைய சொல். உயர் நீதிமன்றம் தடுத்த பிறகே அது நின்றது. அதன்பின் எத்தனையோ பேருக்கு "சொந்த ஊர் எது?" என்ற சாதாரண கேள்வியே தொண்டையை அடைக்கும் கேள்வியாகிவிட்டது.

2011 ஓகஸ்ட் மாதத்துக் கிறீஸ் பூதத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று மலையகத்திலும் கிழக்கிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் பீதி பரவியது. பொலிசார், வதந்திகளை நம்பவேண்டாம் என்றார்கள். நம்பவேண்டாம் என்ற சொல் வந்தபிறகே சனம் முழுதாக நம்பியது! காவல் இருந்தார்கள், பொல்லு எடுத்தார்கள், மோதல்கள் வந்தன, உயிர்களும் போயின. நாவாந்துறையில் ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பூதம் இருந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. அறிக்கை "இல்லை" என்றால் அதற்கு "உண்டு" என்று பொருள்கொள்ள முப்பது ஆண்டுகளாகப் பழகிய மக்களிடம், அன்றைக்கு மாத்திரம் "இல்லை" என்பதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியுமா?

இனி, இந்த நாட்டில் மிக அதிகமானோர் கண்ணீரோடு உச்சரித்த சொல்லுக்கு வருகிறேன். காணாமற்போனோர்.

இது தமிழருடைய துயரம் மாத்திரமன்று. 1987 தொடக்கம் 1990 வரை தெற்கிலே பல்லாயிரம் சிங்கள இளைஞர் இவ்வாறே போனார்கள். சிங்களத்தில் "அதுருதஹன்" என்பார்கள். அந்தர்த்தானம் என்ற பழஞ்சொல்லோடு உறவுடையது அது. புராணங்களிலே வரம் கொடுத்த தெய்வம் அந்தர்த்தானமாகும். ரயர் போட்டு எரிக்கப்பட்ட பிள்ளைக்குத் தெய்வம் மறையும் சொல். யாழ்ப்பாணத்துத் தாய்மார் 1984இலும் தெற்குத் தாய்மார் 1990இலும் அன்னையர் முன்னணி என்ற ஒரே பெயரில் அமைப்புக் கண்டார்கள். 1994இல் நியமிக்கப்பட்ட மூன்று ஆணைக்குழுக்களின் பெயரில் "விருப்பத்துக்கு மாறாக அகற்றப்படுதல்" என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. அகற்றுதல் என்றால் குப்பையையும் அகற்றலாம் அல்லவா?

தமிழில் "போ" தன்வினை. காணாமற்போனான் என்றால் அவனே போனான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் பின்னர் வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் தெருவோரக் கொட்டில்களில் உட்கார்ந்த தாய்மார் இந்தச் சொல்லை ஏற்கமாட்டோம் என்றார்கள். "காணாமல் போகிறதுக்கு அவன் என்ன குடையோ?" என்று கேட்டவர்களை நான் அறிவேன். "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று எழுதினார்கள், பத்திரிகைகளும் அப்படியே எழுத வேண்டியதாயிற்று. "போ" என்ற தன்வினையைத் தூக்கி எறிந்து "ஆக்கு" என்ற பிறவினையை வைத்தார்கள். என் ஆசிரிய வாழ்வில் தன்வினை பிறவினைக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் காட்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அலுவலகத்தின் பெயரில் "காணாமற்போன ஆட்கள்" என்றே இருக்கிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் "வலிந்து காணாமலாக்கப்படுதல்" என்கிறது. இரண்டு சொற்களும் ஒரே அரசாங்கத்தின் வர்த்தமானியில் உள்ளன.

ஆனாலும் "ஆக்கப்பட்டோர்" என்பதும் செயப்பாட்டு வினைதானே, அதிலும் வினைமுதல் இல்லையே என்று ஓர் இலக்கணப்பிடி மனிதர் என்னிடம் வாதித்தார். அவர் சொன்னது சரிதான். யார் ஆக்கினார் என்ற கேள்விக்கு வாசலை மாத்திரமே அந்தச் சொல் திறந்திருக்கிறது.

இளைப்பாறிய பின் அவ்வப்போது இப்படியான தாய்மாருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுண்டு. படிவத்திலே "காணாமற்போன திகதி", "காணாமற்போன இடம்", "சூழ்நிலை" என்று கட்டங்கள் இருக்கும். 2009 மே 18, வட்டுவாகல் என்பார்கள் பலர். மகன் சரணடைந்தானா என்று கேட்டு, "சரணடைந்ததன் பின்னர் காணாமற்போனார்" என்று சுருக்கமாக எழுதிவிடலாம், கட்டத்துக்குள் அடங்கும். ஆனால் முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படி எழுதவிடவில்லை.

"அப்படி எழுதாதேங்கோ மாஸ்ரர். நான் குடுத்தனான். என்ரை கையாலை ஆமியிட்டைக் குடுத்தனான். அவங்கள் பஸ்சிலை ஏத்தினவங்கள். அப்பிடியே எழுதுங்கோ."

கட்டம் போதவில்லை. தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.